நன்கொடைப் போர்வைக்கு யார் விலை வைக்கிறார்கள்?

2024 பங்குனி உத்திரத்தின்போது விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கிராமம் ஒன்றின் முருகன் கோயிலில் ஒன்பது எலுமிச்சம்பழங்கள் ஏலம் போயின. திருவிழாவின் ஒன்பது நாளும் நாளுக்கு ஒன்றாக வேலில் குத்தி வைக்கும் பழங்கள் அவை. சாப்பிட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. ஒன்பதும் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாயைத் தாண்டின. முதல் நாள் பழம் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். கடையில் அதே பழம் ஐந்து ரூபாய், மிஞ்சினால் பத்து.

அங்கிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது புதுச்சேரி. இங்கே பள்ளிக்கூடக் கட்டட நிதி, டயாலிசிஸ் உதவி, முதியோர் இல்லத்துக்கு லிஃப்ட் என்று ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காக மண்டபம் பிடித்து ஏலம் நடத்துவார்கள். கையால் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை அதில் ஆயிரம், ஆயிரத்து நூறுக்குப் போகும். தைத்தவர் பின்வரிசையில் இருப்பார். எல்லோரோடும் சேர்ந்து அவரும் கைதட்டுவார். வீட்டுக்குப் போனபிறகு கொஞ்ச நாளைக்கு ஊசியைத் தொட மனசு வராது.

இந்த மனத்தாங்கலை வெளியே சொன்னால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, 'நல்ல காரியத்துக்குக் கொடுத்துட்டு அப்புறம் என்ன விலை பாக்கறது?' இன்னொன்று, 'நம்ம ஜனங்களுக்குக் கைவேலையோட மதிப்பு தெரியாது.' முதலாவது வாயை அடைக்கிறது, இரண்டாவது ஆறுதல் சொல்கிறது. ஏன் அப்படி நடக்கிறது என்று இரண்டும் விளக்குவதில்லை. மதிப்பு தெரியாத அதே ஜனங்கள்தான் எலுமிச்சம்பழத்துக்கு ஐம்பதாயிரம் எண்ணி வைக்கிறார்கள்.

முதலில் போர்வைக்குள் என்ன போகிறது என்று பார்த்துவிடலாம்.

ஒற்றைக் கட்டிலுக்கான போர்வை 5 அடி அகலம், 7 அடி நீளம். மேல்துணியை 4 அங்குலச் சதுரங்களாக இணைத்தால் குறுக்கே 15, நீளத்தில் 21, மொத்தம் 315 சதுரம். தையலுக்கு ஓரம் விடவேண்டும் என்பதால் ஒவ்வொன்றையும் நாலரை அங்குலத்துக்கு வெட்டவேண்டும். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பொறுக்கிய கட்பீஸ் கொஞ்சம், தெருமுனை டெய்லர் மூட்டை கட்டி வைத்திருந்து கொடுத்த பிட்டுத் துணி கொஞ்சம் என்று துணி பல இடத்திலிருந்து வந்திருக்கும். எல்லாவற்றையும் அலசி, சாயம் போகிறதா என்று பார்த்து, காயவைத்து இஸ்திரி போடவேண்டும். சாயம் நிற்காத ஒரு சிவப்புத் துண்டு கண்ணுக்குத் தப்பிவிட்டால் போதும், முதல் சலவையில் அக்கம்பக்கத்துச் சதுரமெல்லாம் ரோஸ் ஆகிவிடும். வெட்டும்போது துண்டுக்கு அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பிசகினால்கூட 21-வது சதுரத்துக்கு வரும்போது ஓர் அங்குலத்துக்கு மேல் தள்ளி நிற்கும். அப்போது பிரிப்பதைத் தவிர வழியில்லை.

பிறகு மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கோ நைந்த பருத்திப் புடவையோ, அடியில் ஒரு முழுத்துணி என்று மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் போக இழுத்து, ஊக்கு குத்தி நிறுத்தி, அதன்மேல் ஓட்டத் தையல். ஓர் அங்குல இடைவெளியில் நீளவாக்கில் கோடு பிடித்தால் 60 கோடு. ஒவ்வொன்றும் 84 அங்குலம். அங்குலத்துக்கு 4 தையல் என்றால் மொத்தம் 20,000-த்தைத் தாண்டிவிடும். நிமிடத்துக்கு 20 தையல் போடும் பழகிய கைக்கே 17 மணி நேரம். வெட்ட, தேய்க்க, இணைக்கச் சதுரத்துக்கு 4 நிமிடம் என்று கஞ்சத்தனமாகப் போட்டால் 21 மணி நேரம். ஓரப்பட்டி கட்டுவதற்கும் முடிச்சுகளை உள்ளே தள்ளி மறைப்பதற்கும் இன்னும் ஆறேழு. ஆக 45 மணி நேரம். எட்டு மணி நேர வேலை என்று பார்த்தால் ஐந்தரை நாளுக்கு மேல். சமையல் முடிந்து பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் தைப்பவருக்கு மூன்று வாரம் தாண்டும்.

நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம், அதுவே குறைச்சல்தான். கூலி 2,800. துணி, பஞ்சு, நூலுக்கு 1,500. அடக்கம் 4,300 ரூபாய். இந்தப் போர்வை 1,100-க்குப் போகிறது.

தைத்தவர் கையை விட்டுப் போனது 4,300. நல்ல காரியத்துக்குச் சேர்ந்தது 1,100. மிச்சம் 3,200 ஏலம் எடுத்தவர் வீட்டுக்குப் போனது. அவர் காரில் வந்தவர், உதவி தேவைப்படாதவர். நோயாளிக்குக் கொடுக்கிறோம் என்று நினைத்துக் கொடுத்ததில் முக்கால் பங்கு வசதியானவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தைத்தவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் மனசுக்குப் பட்டுவிடுகிறது. அதைப் புகழாசை என்று தள்ளிவிடுவது அநியாயம்.

இரண்டாவது ஆள்

ஏலத்தில் விலையை நிர்ணயிப்பது யார்? பொருளை எடுத்தவர் என்று நினைக்கிறோம். உண்மையில் அவருக்கு அடுத்ததாகக் கேட்டுத் தோற்றவர்தான். ஒருவர் மனசுக்குள் ஐந்தாயிரம் வரை போகத் தயாராக வந்திருக்கலாம். எதிரில் கேட்கிறவர் ஆயிரத்தில் நிறுத்திவிட்டால் இவர் ஆயிரத்து நூறு சொல்லி முடித்துவிடுவார். மீதி நாலாயிரத்தை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஏலத்தின் இந்தக் குணத்தைக் கணக்காக எழுதிக்காட்டியவர் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர். 1961-இல் வந்த அவருடைய கட்டுரை ஏலம் பற்றிய பொருளாதாரத்துக்கே அடித்தளம். 1996-இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. கடலூர் துறைமுகத்து ஏலக்காரருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார். வஞ்சிரம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போட்டிக்கு இரண்டாவது வியாபாரி வராத அன்று விலை ஏறாது என்பது அவருக்கு அன்றாட அனுபவம்.

ஆக, தையல் போர்வையின் அருமை தெரிந்த ஒருவர் மண்டபத்தில் இருந்தால் போதாது, இருவர் வேண்டும். நம் ஊர் நிதி திரட்டும் விழாக்களுக்கு வருவோர் பெரும்பாலும் நன்கொடை கொடுக்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். பொருள் வாங்கும் எண்ணத்தோடு வருவதில்லை. அழைத்தவர் முகத்துக்காக வந்தவர்கள் பாதி. எலுமிச்சம்பழ ஏலத்தில் கூடியிருப்பவர்களோ அந்தப் பழத்துக்காகவே வந்தவர்கள். அங்கே இரண்டாவது ஆளுக்குப் பஞ்சமில்லை. மூன்றாவது, நான்காவது ஆளும் இருப்பார். புராட்டஸ்டன்ட் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலம் பார்த்தவர்களுக்கும் இது புரியும். ஒரு சீப்பு வாழைப்பழத்தை ஒருவர் எடுத்து மறுபடியும் ஏலத்துக்கே கொடுப்பார், இன்னொருவர் இன்னும் ஏற்றிக் கேட்பார். அங்கே ஏறுவது காணிக்கை. பழம் ஒரு சாக்கு.

போர்வைக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. நேர்ச்சைப் பொருளும் அல்ல, தேடி வந்த சரக்கும் அல்ல. போதாக்குறைக்கு அதைக் காட்டும் விதம். நான் போயிருந்த ஒரு விழாவில் மிக்ஸி, டின்னர் செட், ஹோட்டல் தங்கும் கூப்பன் ஆகியவற்றோடு போர்வையும் மேசைமேல் இருந்தது. எட்டாக மடித்து, மேலே பிளாஸ்டிக் உறை. 315 சதுரத்தில் கண்ணுக்குத் தெரிந்தது ஐந்தாறு. சாப்பாடு தொடங்கி இலைகள் போட ஆரம்பித்தபிறகுதான் அதன் முறை வந்தது. மைக் பிடித்தவர் உறையைத் தட்டிக் காட்டி, "அடுத்து ஒரு அழகான பெட்ஷீட்! ஐந்நூறிலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்றார். பெட்ஷீட்டுக்கு ஐந்நூறு என்று அவர் வாயால் சொன்னபிறகு, கேட்கிறவர் எவ்வளவு தாராளமானவராக இருந்தாலும் எதிலிருந்து எண்ணத் தொடங்குவார்?

விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், தைத்த அம்மா செயலாளரிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேட்டிருக்கலாமே?"

"அக்கா, நீங்க மனசாரக் கொடுத்தது. எவ்வளவு வந்தாலும் லாபம்தானே!"

அவர் பொய் சொல்லவில்லை. விழா நடத்துபவருக்கு மண்டப வாடகை செலவு, சாப்பாடு செலவு, மைக் செட் செலவு. போர்வைக்குச் செலவே இல்லை. செலவில்லாத பொருள் என்ன விலைக்குப் போனாலும் அவர் கணக்குப் புத்தகத்தில் அது வரவுதான். நஷ்டம் எழுதப்படும் ஒரே நோட்டு தைத்தவர் வீட்டில் இருக்கிறது, அதையும் அவர் எழுதுவதில்லை. மிக்ஸியைப் பாருங்கள். கடைக்காரர் கொடுத்திருந்தாலும் அட்டைப்பெட்டியில் விலை அச்சிட்டிருக்கிறது. அதற்குப் பாதிக்குக் கீழே போனால் செயலாளருக்கே உறுத்தும், மைக்கில் 'கடையில மூவாயிரங்க இது' என்று அவரே குரல் கொடுப்பார். போர்வைக்குப் பெட்டியும் இல்லை, விலையும் இல்லை.

நம் ஊரில் போர்வை என்றால்

இதற்குமேல் இந்தக் கடற்கரைக்கே உரிய காரணங்கள் சில உண்டு. வெயிலும் புழுக்கமும் வருஷத்தில் பத்து மாதம் ஆளும் ஊர் இது. மார்கழி இரவிலும் 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். பஞ்சு வைத்துத் தைத்த கனத்த போர்வை இங்கே போர்த்திக்கொள்ளும் பொருள் அல்ல. விருந்தாளி வந்தால் தரையில் விரிப்பார்கள், இல்லாவிட்டால் பரணில் ஏற்றுவார்கள். ஜெய்ப்பூர் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை மெல்லிசாக, மெஷின் தையலில், அச்சுத்துணியில் ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கிறது என்பது வேறு.

இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. கிழிசல், கறை படிந்தது, இந்த ஊரில் யாரும் உடுத்தாதது எல்லாம் சாலையோரம் மலையாகக் குவிந்து மழையில் நனைந்து மட்கிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அப்புறம் 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வேட்டி, புடவை, போர்வை என்று நிவாரண வரிசை. அந்தப் போர்வைகள் மொத்தக் கொள்முதலில் சில நூறு ரூபாய்க்கு வாங்கப்படுபவை. துணியைத் தானம் கொடுப்பது என்றால் வேண்டாததைக் கழிப்பது, போர்வை கொடுப்பது என்றால் நிவாரணம் கொடுப்பது என்று இருபது வருஷமாக மனசில் படிந்துவிட்டது. கையால் தைத்த போர்வை அதே வரிசையில் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

அதே சுனாமிக்குப் பிறகுதான் இதற்கு நேர் எதிரான ஒன்றும் இங்கே நடந்தது. ஆரோவில்லின் உபாசனா நிறுவனத்தில் மீனவக் கிராமப் பெண்கள் மிச்சத் துணியில் செய்த விரலளவு பொம்மைதான் சுனாமிகா. அதை விற்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்தார்கள். பரிசாகத்தான் கொடுப்பார்கள், விரும்பியவர்கள் நன்கொடை தரலாம். பொம்மை இலவசம், ஆனால் அதைச் செய்த பெண்களின் உழைப்பு இலவசம் அல்ல. அவர்களுக்குக் காசு போனது. லட்சக்கணக்கான பொம்மைகள் உலகம் சுற்றின. துணித் துணுக்கு, கைத்தையல், நல்ல காரியம் மூன்றும் போர்வைக்கும் சுனாமிகாவுக்கும் பொது. செய்தவருக்குக் கூலி உண்டா இல்லையா என்பதில்தான் வித்தியாசம்.

புதுச்சேரியில் இன்னொரு எதிர் உதாரணமும் இருக்கிறது. 1827-இல் இங்கே வந்த குளூனி சபைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் எம்பிராய்டரி மையம் ரோமன் ரோலண்ட் வீதியில் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகையில் இயங்குகிறது. பெண்கள் உட்கார்ந்து மேசைவிரிப்பு, கட்டில்விரிப்பு எல்லாம் கையால் பூவேலை செய்கிறார்கள். அங்கே போகும் சுற்றுலாக்காரர்கள் சீட்டில் எழுதியிருக்கும் விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். வேலை செய்கிறவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் விலைச் சீட்டைப் பார்க்கிறார்கள் என்பது இதில் பெரிய விஷயம்.

தைத்தவர் கண்ணும் கொஞ்சம் பெரிசாக்கித்தான் காட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. 2012-இல் மைக்கேல் நார்ட்டன் என்ற ஆய்வாளரும் அவருடைய இரு கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வுக்கு 'ஐகியா விளைவு' என்று பெயர்; வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் மரச்சாமான் விற்கும் நிறுவனம் ஐகியா. ஆய்வுக்கு வந்தவர்களைக் காகிதத்தில் கொக்கும் தவளையும் மடிக்கச் சொல்லி, பிறகு அதையே விலைக்குக் கேட்கச் சொன்னார்கள். மடித்தவர்கள் சொன்ன விலை, அதையே பார்த்த மற்றவர்கள் சொன்னதைப்போலக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கைதேர்ந்தவர்கள் மடித்ததற்கு மற்றவர்கள் தரத் தயாராக இருந்த விலையை ஒட்டி வந்துவிட்டது, கோணல்மாணலாகத் தாங்கள் மடித்த கொக்குக்குக் கேட்ட விலை. அதனால் ஏமாற்றத்தில் ஒரு பங்கு நம் பக்கத்திலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேலே போட்ட 4,300 ரூபாய்க் கணக்கில் பொன் குஞ்சு எதுவும் இல்லை. நாளுக்கு 500 ரூபாய்க் கூலி மட்டும்தான்.

ஐந்து டாலர் தொட்டில் போர்வை

வெளிநாட்டில் குயில்ட் எனப்படும் இதே ஒட்டுத்துணிப் போர்வைக்கு மதிப்பு அதிகம் என்று நம்மவர்கள் பெருமூச்சு விடுவது உண்டு. அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த பெண்கள் பாஸ்டனில் ஆண்டுதோறும் விற்பனைச் சந்தை நடத்தி இயக்கத்துக்குப் பணம் சேர்த்தார்கள். 1836 டிசம்பர் சந்தையில், அடிமைத் தாயை நினைத்துப் பார்க்கச் சொல்லும் கவிதை வரிகளை நடுவில் மையால் எழுதிய தொட்டில் குயில்ட் ஒன்று விற்றது. லிடியா மரியா சைல்டு என்ற எழுத்தாளர் கொடுத்தது. போன விலை ஐந்து டாலர். இன்று அது அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. அந்த ஊர்த் தையல்காரிகளும் இன்றுவரை இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள். அவர்களுடைய வருமான வரிச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது: கையால் தைத்ததைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் துணிச் செலவை மட்டும் கழித்துக்கொள்ளலாம், உழைத்த நேரத்துக்கு ஒரு காசும் கழிக்க முடியாது.

நம் சட்டத்தில் துணிச் செலவும் கிடையாது. 80ஜி வரி விலக்கு என்று நாம் அறிந்தது பணமாகக் கொடுத்த நன்கொடைக்கு மட்டும்தான். பொருளாகக் கொடுத்தால், போர்வையோ மிக்ஸியோ, செல்லாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் செல்லாது. புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்த விலக்கே இல்லை. அதனால் ரசீது கேட்டுச் சண்டை போடுவதில் பயன் குறைவு. வரிக்காகப் பார்ப்பவர்கள் போர்வையைத் தாங்களே விற்று, வந்த காசை வங்கி வழியாகக் கொடுப்பதுதான் சரி.

'கொடுத்தபிறகு நிபந்தனை போடலாமா' என்ற கூச்சம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. போட்டவர்கள்தான் நம் முன்னோர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் அணையா விளக்குக்கு ஆடு கொடுத்ததைப் படித்துப் பாருங்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 'சாவா மூவாப் பேராடு' 96. யார் கொடுத்தது, எந்த ஊர்க்காரர், எந்த இடையரிடம் ஒப்படைத்தது, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கவேண்டும் என்பது எல்லாம் கல்லில் வெட்டியிருக்கும். ஆடு சாகும், கிழடாகும், ஆனால் மந்தையின் எண்ணிக்கை குறையக்கூடாது. குறைந்தால் பொறுப்பு இடையருடையது. இந்த நிபந்தனைகளைப் படித்து, கொடுத்தவருக்குப் பக்தி போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பழக்கம் போய்விடவும் இல்லை. டியூப்லைட்டில் வெளிச்சம் வரும் இடத்தைவிட 'உபயம்' எழுதிய இடம் பெரிதாக இருக்கிறது. பணம் கொடுத்தவர் பெயர் பேனரில் ஓரடி உயரம். போர்வை கொடுத்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை; அதைக் கேட்டால் விளம்பரம் தேடுகிறார் என்று பேச்சு.

கேட்கவேண்டியது கொடுப்பதற்கு முன்னால். கொடுத்தபிறகு கேட்டால் அந்த அம்மாவுக்குக் கிடைத்த பதில்தான் கிடைக்கும். முதலில் கேட்கவேண்டியது குறைந்தபட்ச விலை: 'மூவாயிரத்துக்குக் கீழே போனால் கொடுக்கவேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த விழாவுக்குத் தருகிறேன்.' இதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, செயலாளர் கையெழுத்துப் போட்டால் போதும். பெரும்பாலோர் ஒத்துக்கொள்வார்கள், ஏனென்றால் இதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதே இல்லை. ஒத்துக்கொள்ளாத இடத்துக்குப் போர்வை கொடுக்காமல் இருப்பது நல்லது. அங்கே ஆயிரத்து நூறு ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டுப் போர்வையை வீட்டிலேயே வைத்துக்கொண்டால் நிதிக்குப் போகும் தொகை அதேதான், உங்களுக்குப் போர்வையும் மிஞ்சும்.

பிளாஸ்டிக் உறை கூடாது. இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து மேடையில் விரித்துக் காட்டவேண்டும், அதற்கு முன்னால் வாசலில் கொடி கட்டித் தொங்கவிட வேண்டும். அருகில் கையகல அட்டையில் அளவு, எத்தனை சதுரம், என்ன துணி, எவ்வளவு நேரம், எப்படி அலசுவது, யார் தைத்தது. மைக் பிடிப்பவருக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிடலாம், அவர் பாவம் என்ன செய்வார், நாற்பது பொருளை ஒரே மூச்சில் விற்கவேண்டும். ஏலத்துக்கு ஆள் சேர்ப்பது கொஞ்சம் வெட்கத்தை விட்டுச் செய்யவேண்டிய வேலை. வேண்டும் என்று ஏற்கெனவே கேட்ட இரண்டு பேரை, ஒருவரை அல்ல, அன்றைக்கு வரச்சொல்வது. கையால் செய்ததை மனசுக்குப் பிடித்தவருக்குப் பரிசாக வாங்கும்போது ஜனங்கள் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. பேத்தி பிறந்த வீடு, பெண் கல்யாணத்துக்கு நாள் குறித்த வீடு என்று பார்த்துச் சொல்லலாம்.

அளவையும் யோசிக்கவேண்டும். கட்டில் போர்வைக்கு இந்த வெக்கையில் ஆள் கிடையாது. குழந்தைக்கு விரிக்கிற மூன்றடிச் சதுரம் போதும். பழைய பருத்திப் புடவையை உள்ளே வைத்து மெத்தென்று தைத்தால் 81 சதுரத்தில் முடிந்துவிடும், எல்லா வீட்டிலும் தேவை உண்டு. விலையும் பெரிய போர்வையில் பாதிக்குக் குறையாது என்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். உழைப்போ கால்வாசிதான்.

குலுக்கல் சீட்டு விற்றால் ஏலத்தைவிட அதிகப் பணம் சேரலாம் என்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிக்குத் தடை. காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்துக் குலுக்கினால் கடலூர்ப் பக்கத்தில் அது வம்பாகப் போய் முடியலாம். விசாரிக்காமல் இறங்கவேண்டாம்.

அதைவிட நல்ல வழி ஒன்றை முதல் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் பெண்கள் பரவலாகப் பிடித்துக்கொண்டார்கள். 1917 டிசம்பரில் அங்கத்திய பெண்கள் இதழ் ஒன்று செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஒரு குயில்ட் திட்டத்தை வெளியிட்டது. குயில்ட்டின்மேல் பெயரைப் பொறிக்க ஆளுக்கு ஒரு தொகை. ஆயிரம் டாலர் சேர்ப்பது இலக்கு. பணம் முதலிலேயே வந்துவிடும், குயில்ட் முடிந்தபிறகு அதை ஏலத்துக்கும் விடலாம். ஏலத்தில் என்ன விலை போனாலும் கவலையில்லை.

நம் 315 சதுரத்துக்குச் சதுரத்துக்கு ஒரு பெயர், பெயருக்கு 100 ரூபாய் என்றால் 31,500. தையலை வெளியே மொத்தமாகக் கொடுத்தாலும் 45 மணி நேரத்துக்குக் கூலியும் துணிக் காசும் போக 27,000-க்கு மேல் நிதிக்கு நிற்கும். பேரனுடைய பெயரைப் போடச் சொல்ல யாரும் யோசிக்கப் போவதில்லை. ஒரே சிக்கல், ஒரு பெயரைக் காம்புத் தையலில் போட 10 நிமிடம் பிடித்தால் 315 பெயருக்கு 50 மணி நேரத்துக்கு மேல் தனியாக வேண்டும். அதைத் தைப்பவர் தலையில் கட்டக்கூடாது. சதுரங்களைப் பென்சிலில் பெயர் எழுதிப் பிரித்துக் கொடுத்தால் விழா நடத்தும் சங்கத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் பத்துப் பெயர் தைத்துத் தரலாம். முடியாதவர்கள் தங்கள் பத்துக்கு ஆள் வைத்துக் கூலி கொடுக்கட்டும்.